உப்பு போடுவதற்கு முன் ஒரு கரண்டி

எங்கள் உறவுமுறையில் இப்போது ஒரு வழக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. காதுகுத்தோ கருமாதியோ, எதுவாகவும் இருக்கட்டும். அண்டாவில் குழம்பு கொதிக்கும்போது சமையல்காரர் உப்பை அள்ளின கையை அப்படியே நிறுத்திக்கொண்டு, "டப்பாக்காரம்மாவுக்கு எடுத்தாச்சா?" என்று சத்தம் போடுவார். யாராவது ஒரு தூக்குப்போசியை நீட்டுவார்கள். உப்பு விழாத குழம்பு ஒரு கரண்டி அதில் போய்ச் சேரும். பொரியலும் அப்படியே. அதற்கப்புறம்தான் ஊருக்கு உப்பு.

அந்த டப்பாக்காரம்மாவின் பெயர் ராணியம்மாள். கடத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறாள். எனக்கு மருமகள் ஆக வேண்டும். எப்படி என்றால், என் அத்தைக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் மஞ்சள் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். அடுத்தது பெண், சேலத்துக்குக் கட்டிக்கொடுத்தோம். முகமும் காலும் வீங்கி, மஞ்சள் பூசின பூசணிக்காய் மாதிரி ஆகிப் போய்ச் சேர்ந்தாள். மூன்றாவது மகன், பெயரே சின்னப்பையன். அவன் மகள்தான் இந்த ராணி. வரப்பில் சாய்ந்தவருக்குக் காத்துக்கருப்பு என்றார்கள், சேலத்துக்காரிக்குச் செய்வினை என்றார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு ஒரே வியாதி இருக்குமோ என்று ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சின்னப்பையனும் கால் வீங்கித்தான் போனான். ஆனால் அவனுக்கு ஊர் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் மகன் மாதேஸே சொல்லிவிட்டான். ராணிக்கு அண்ணன் இந்த மாதேஸ். கம்பைநல்லூர்ப் பக்கம் செங்கல் சூளை வைத்திருக்கிறான். அப்பனைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது ராணியும் அவள் புருசன் குமாரும்தான். அங்கே பிரஷர் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ராணி வேளை தவறாமல் கொடுத்தாள். அப்புறம் கொஞ்ச காலத்திலேயே சின்னப்பையன் போய்விட்டான். எடுத்துக் குளிப்பாட்டுகிற இடத்தில், அத்தனை சனத்துக்கு முன்னால், மாதேஸ் கை நீட்டிச் சொன்னான்:

"பிரஷர் மாத்திரையைப் போட்டுப் போட்டு எங்கப்பன் கிட்னியைக் கரைச்சுட்டா இவ. நல்லாத்தான் இருந்தாரு மனுசன். இவதான் கொன்னுட்டா."

அன்றோடு அண்ணன் தங்கை உறவு முடிந்தது. சாவுக்கு வருவார்கள், மாலையைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. பகை வீட்டில் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கலாம், தப்பில்லை. சாப்பிட்டுவிட்டால் பகை தீர்ந்தது என்று அர்த்தம். ராணியின் மகள் தேவிப்பிரியா பெரிய மனுசி ஆனபோது தாய்மாமன் கட்ட வேண்டிய பச்சை ஓலைக் குடிசையைக் கட்டக்கூட மாதேஸ் வரவில்லை. ஒன்றுவிட்ட மாமன் ஒருவன் வந்து கட்டினான். ராணி அன்றைக்கு எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். சிரிப்பு எப்படிப்பட்டது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ராணிக்குப் புளி தட்டுகிற வேலை. மாசி பிறந்தால் கொட்டகையில் புளி வந்து மலையாகக் குவியும். காலை மடக்கி உட்கார்ந்து, ஓட்டைத் தட்டி, கொட்டையை எடுத்து, நாரை உரித்து, சாயங்காலம் எழுந்தால் முழங்கால் நீளாது. எங்கள் பக்கத்துப் போர்க் கிணற்றுத் தண்ணீருக்கு ஏற்கெனவே பல்லும் மூட்டும் சீக்கிரம் போகும். அதற்கு மேல் இது. அதனால் கொட்டகைப் பெண்கள் வேலை முடிந்ததும் மருந்துக் கடையில் நின்று "ஒரு செட்டு" என்பார்கள். சின்னக் காகிதக் கவரில் இரண்டு மூன்று நிறத்தில் மாத்திரை வரும். எது எதற்கு என்று கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. ஒரு வாய் டீயில் விழுங்கினால் ராத்திரிக்குத் தூக்கம் வரும், காலையில் கால் நீளும். ராணி அதைக் கல்யாணமான புதிதில் இருந்தே விழுங்கிக்கொண்டிருந்தாள்.

வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கிற ராதிகா என்ற பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தவள், திரும்பவும் ஒருமுறை அடித்துப் பார்த்தாள்.

"அக்கா, நூத்தி தொண்ணூறு காட்டுது. தலை சுத்தலையா உங்களுக்கு?"

"புளிக்கொட்டகையில உக்காந்தா யாருக்குத்தான் சுத்தல?"

"சிரிக்காதீங்கக்கா. மாத்திரை தரன், விடாம போடணும்."

ராணி வாங்கிக்கொண்டாள். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அங்கேயே கிடந்தது. அவளுக்குப் பயம். அண்ணன் சொன்ன சொல் உண்மையாக இருந்துவிட்டால்? அப்பனுக்கு நான் கொடுத்ததுதான் விஷமோ? ஊரே மறந்தாலும் அவள் நெஞ்சுக்குள் அது புளியங்கொட்டை மாதிரி கிடந்தது.

அடுத்த பங்குனியில் ஒரு நாள் மத்தியானம், கொட்டகையிலேயே மூச்சு முட்டிச் சுவரில் சாய்ந்துவிட்டாள். முகம் உப்பியிருந்தது. தருமபுரி அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயரை ஒட்டிப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு, பேச்சு மட்டும் கத்தரி மாதிரி.

"பிரஷர் மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க."

"வேற ஏதாச்சும் மாத்திரை?"

"ஒண்ணும் சாப்பிடறதில்லீங்க."

குமார் மெதுவாக, "செட்டு?" என்றான்.

"அது மாத்திரைங்களா? அது வலிக்குப் போடறது. டீ குடிக்கிறாப்புல."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "எத்தனை வருசமா டீ குடிக்கிறீங்க?" என்று கேட்டார். ராணி சொன்னாள்.

"பிரஷர் ஒரு பக்கம் உங்க கிட்னியை அடிச்சுக்கிட்டு இருக்கு. இந்த வலி மாத்திரை இன்னொரு பக்கம் அடிக்குது. ரெண்டு பேர் சேர்ந்து அடிச்சா எது நிக்கும்? பாதிக்கு மேல போயிருச்சு. போனது திரும்பாது. இருக்கறதை வெச்சுக் காலம் தள்ளணும். கிட்னி கெட்டா பிரஷர் இன்னும் ஏறும். ஏறினா நெஞ்சு அடிவாங்கும். கிட்னி முழுசாப் போறதுக்கு முன்னாடியே நெஞ்சு நின்னு போனவங்கதான் அதிகம். தெரியுதுங்களா?"

ராணி கேட்டாள்: "அந்தப் பிரஷர் மாத்திரையே கிட்னியைக் கெடுக்கும்னு சொல்றாங்களே?"

"யாரு சொன்னாங்க?"

"எங்கண்ணன்."

"உங்கண்ணன் டாக்டருங்களா?"

"செங்கல் சூளை வெச்சிருக்காருங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இந்த மாத்திரைதாம்மா கிட்னியைக் காக்கறது. ரத்தம் பாத்து, எது சேரும், எது சேராதுன்னு மாத்திக் குடுக்கறது எங்க வேலை. நிறுத்தாம சாப்பிடறது உங்க வேலை. அந்தச் செட்டை இன்னியோட விட்டுருங்க. உப்பைக் குறைங்க. கருவாடு, அப்பளம், ஊறுகாய் பக்கமே போவாதீங்க."

குறைங்க என்றுதான் அந்த அம்மா சொன்னார். ராணி பாதி வேலை செய்கிறவள் அல்ல. தன் பங்குக்கு உப்பே போடாமல் ஆக்கிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். முதல் மாதம் சோற்றைப் பார்த்து அழுதாளாம். குமாரே சொன்னான். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இந்துப்பு வாங்கிக்கொண்டு வந்து, "இது உப்பே இல்லடி, மருந்து" என்றாள். ராதிகாவிடம் காட்டினால், "அதுவும் உப்புதான்க்கா, சட்டை மாத்திக்கிட்டு வந்திருக்கு" என்றாள். அதுவும் போனது. கொட்டகையில் தரையில் உட்காருவதை விட்டு, பழைய முக்காலி ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டு, புளியை மேசை உயரக் கல்லில் வைத்துத் தட்டினாள். "என்னம்மா, கலெக்டராட்டம் உக்காந்துட்ட?" என்று முதலாளி கேட்டதற்கு, "கையெழுத்துப் போட ஏதாச்சும் இருந்தா குடுங்க" என்றாளாம். ராத்திரியில் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம். வலி போகவில்லை. வலியோடு இருக்கப் பழகிக்கொண்டாள். அது சின்ன விஷயம் இல்லை. அந்தக் கொட்டகையில் எத்தனை பேர் அவளைப் பார்த்துச் செட்டை விட்டார்கள் என்கிறீர்கள்? இரண்டு பேர் விட்டுவிட்டு, ஒருத்தி திரும்பப் பிடித்துக்கொண்டாள். ராணி பிடிக்கவில்லை.

விருந்துக்குப் போகும்போதெல்லாம் கையில் ஒரு டப்பா. களியும் உப்பில்லாத கீரையும் இருக்கும். கேலி செய்யாத ஆளில்லை. எங்கள் பக்கம் உப்புப் போட்டுத் தின்றால்தான் ரோசம் இருக்கும் என்பார்கள். "உப்பு நிறுத்தினா ரோசம் போயிரும்டி" என்று கிழவிகள் சொல்வார்கள். "ரோசம் போனாப் போவட்டும் ஆயா, மூச்சு இருந்தாப் போதும்" என்பாள்.

ஒரே ஒரு தடவை சறுக்கினாள். ஆடிப் பதினெட்டுக்கு நாத்தனார் வீட்டுக்குப் போனவள், மனசு நோகக்கூடாது என்று இரண்டு நாள் எல்லோரையும் போலக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். பஸ்ஸை விட்டு நடுவழியில் இறங்க முடியாது என்று சிறுநீர் போகிற மாத்திரையையும் விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி. மறுபடியும் ஆஸ்பத்திரி. "இன்னொரு தடவை இப்படி வந்தா மெஷின்ல போட்டுத்தான் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் டப்பாவுக்கு மேல் இன்னொரு யோசனை செய்தாள். விருந்து வீட்டுக்கு முதல் ஆளாகப் போவாள். சமையல்காரர் பக்கத்தில் நின்று, "உப்பு போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கரண்டி எடுத்து வெச்சுருங்க சாமி" என்பாள். கேட்பதில் வெட்கப்படவில்லை. வழக்கம் அப்படித்தான் பிறந்தது.

இப்படி இருக்கையில் தேவிப்பிரியாவுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. பெண் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். மாப்பிள்ளையும் அங்கேதான். தாய்மாமன் சீர் யார் கொண்டுவருவது என்ற பேச்சு வந்தபோது, ஒன்றுவிட்ட மாமனையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ராணி ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்கண்ணன் உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தர் எதுக்கு? நான் போயிக் கூப்புடறன்."

அழைப்புக்குப் பெரியவர் ஒருவர் வேண்டுமே, நானும் கூடப் போனேன். மொரப்பூரில் இறங்கி வேறு பஸ் ஏறினோம். குமார் வெற்றிலைப் பாக்குத் தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான். ராணி மடியில் டப்பா.

மாதேஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "வாங்க" என்றான், யாரையும் பார்க்காமல். அவன் மனைவி அமுதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ராணி தட்டை நீட்டினாள்.

"அண்ணா, தேவிக்குக் கல்யாணம். நீங்க முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

"இத்தனை வருசமா இல்லாத அண்ணன் இப்ப எங்கிருந்து வந்தான்?"

"உப்பை நிறுத்திட்டன் இல்லீங்களா, ரோசமெல்லாம் போயிருச்சு. அதான் உங்க வாசல்ல வந்து நிக்கறன்."

அமுதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாதேஸுக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது, உடனே இறுகிக்கொண்டது.

"சரி. எங்கூட்டுல கை நனை. நனைச்சீன்னா சீர் தூக்கிட்டு வரன். இல்லீன்னா தட்டை எடுத்துட்டு வந்த வழியே போ."

நாங்கள் வருகிற சேதி முன்பே தெரிந்திருக்கிறது. இலை போட்டார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு, கருவாட்டுத் தொக்கு, அப்பளம், மாங்காய் ஊறுகாய். டாக்டரம்மா எதெதை விலக்கச் சொன்னாரோ அத்தனையும் வரிசையாக இலையில் வந்து உட்கார்ந்தது. தங்கச்சிக்குப் பிடிக்கும் என்று கருவாட்டைத் தேடி வாங்கி ஆக்கச் சொல்லியிருக்கிறான், அது தெரிந்தது. அதுதான் இன்னும் சங்கடம். குமார் என்னைப் பார்த்தான். ஒரு வேளைதானே, ஒரு பிடி தின்றுவிட்டால் என்ன என்று எனக்கே தோன்றியது. ஆனால் ஆடிக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது.

ராணி இலையில் உட்கார்ந்தாள். "அண்ணி, களி கிண்டியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"சூளைக்காரங்களுக்குக் கிண்டினது இருக்குதுங்க."

"உப்பு?"

"களிக்கு எங்கீங்க உப்பு போடறோம்."

"அதுல ஒரு உருண்டை எனக்கு வெய்யுங்க."

மாதேஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"கூலிக்காரனுக்குக் கிண்டின களியைத் தின்னுட்டு, அண்ணன் வூட்டுக் கோழிக்கறியை இலையில விட்டுட்டு வந்தன்னு ஊர்ல பேசணும். அதுக்குத்தானே வந்த?"

"எனக்குக் கிட்னி பாதிக்கு மேல போயிருச்சுண்ணா. நெஞ்சும் சரியில்ல. உப்பு ஆவாது."

"போவாம என்ன பண்ணும்? அப்பன் வாயில மாத்திரையைப் போட்ட, அவரு போனாரு. இப்ப உன் வாயில போட்டுக்கற."

அமுதா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். ராணி அழுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து அண்ணன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் செருப்பு. அதன் வாரைப் பக்கவாட்டில் பிளேடால் அறுத்து, கம்பியால் தளர்த்திக் கட்டியிருந்தது.

"அண்ணா, செருப்பு வாரை ஏன் அறுத்திருக்கீங்க?"

"பழசு."

"அடி தேயவே இல்லியே."

"இப்ப எதுக்குச் செருப்புப் பேச்சு?"

"என் கல்யாணத்துக்கு அப்பாவுக்குப் புதுச் செருப்பு வாங்கினது யாரு?"

மாதேஸ் முகத்தில் கோபம் கொஞ்சம் வழி தவறியது. "நான்தான். அரூர்ல வாங்கினன். தோல் செருப்பு."

"அப்பா அதைப் போட்டாரா?"

"போடல."

"யாரு கையில இருந்துச்சு?"

"எங் கையிலதான். தாலி கட்டறவரைக்கும் தூக்கிட்டுத் திரிஞ்சன். எங்க வெச்சாலும் நாய் தூக்கிட்டுப் போயிரும்னு..."

"அவரு ஏன் போடல?"

"கால் நொழையல. வீங்கிப்போயி..."

"அப்ப அவரு மாத்திரை தின்னாராண்ணா?"

அவன் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தான். ராணி குரலை உயர்த்தவே இல்லை.

"தேவி பொறந்து தொட்டில் போட்டதுக்கு அப்பறம்தான் நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனன். அதுக்கு முன்னாடியே வீங்கிருச்சு. மாத்திரை வந்து கெடல. மாத்திரை வரதுக்கே நேரம் ஆயிருச்சு. நானும் நாலு வருசத்துக்கு முன்னாடி வரைக்கும் நீங்க சொன்னதை நம்பினன். அதனாலதான் எனக்குப் பாதி போச்சு."

நானும் அந்தக் கல்யாணப் பந்தலில் இருந்தவன்தான். புதுச் செருப்பை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மீசை அரும்பின மாதேஸ் அலைந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம், எல்லோரும் சிரித்தோம். செருப்பு முன்னால், மாத்திரை பின்னால் என்று வரிசையாக வைத்துப் பார்க்க இவள் ஒருத்திதான் பிறந்தாள்.

ராணி இலையை விட்டு எழுந்து போய் அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்தாள். வேட்டியை ஒதுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்தபோது அங்கே ஒரு குழி. மாதேஸ் அதைப் பார்த்தான். நாங்களும் பார்த்தோம். குழி நிரம்பவில்லை.

"எத்தனை நாளா?"

"சூளையில நின்னா கொஞ்சம் வீங்கும். ராத்திரி வடிஞ்சுரும்."

"பொய்யிங்க!" என்றாள் அமுதா. நான் அறிந்து அவள் புருசன் பேச்சுக்கு நடுவில் பேசினது அதுதான் முதல் தடவை. "வடியறதே இல்லீங்க. மாடி ஏறினா மூச்சு வாங்குது. மூத்திரம் சோப்புத் தண்ணியாட்டம் நொரைக்குது. வூடு தேடி வந்து குடுத்த மாத்திரையெல்லாம் சன்னல்ல கெடக்குதுங்க. தின்னா கிட்னி போயிரும்னு சொல்றாருங்க."

"நீ உள்ள போ."

"போவலீங்க."

ராணி அண்ணன் காலை விடவில்லை. "அண்ணா, எனக்குப் பட்டு வேணாம், பவுனு வேணாம். என் மகளுக்கு நீங்க கொண்டார சீர் ஒண்ணே ஒண்ணுதான். நாளைக்கு என்கூடத் தருமபுரிக்கு வந்து ரத்தமும் ஒண்ணுக்கும் குடுத்துட்டு வாங்க."

மாதேஸ் முகத்தைச் சூளைப் பக்கம் திருப்பிக்கொண்டான். அப்புறம் சொன்னான்: "மாமன் மூத்திரத்தைச் சீரா கொண்டாந்தான்னு ஊரே சிரிக்கும் பாப்பா."

பாப்பா என்று அவன் கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று. ராணி அப்போதுதான் அழுதாள்.

"சிரிக்கட்டும். நீங்களும் உப்பை நிறுத்துங்க, ரோசம் போயிரும்."

"அமுதா, அந்தக் களியை எடுத்தா. பாப்பாவுக்கு வெய்யி. எனக்கும் வெய்யி."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து களி சாப்பிட்டார்கள். ராணி டப்பாவைத் திறந்து கீரையை அவன் இலையில் வைத்தாள். ஒரு வாய் போட்டவன் முகத்தைச் சுளித்தான்.

"இதை எப்புடித்தான் திங்கற?"

"எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்குங்க. நாக்கு அடம் பிடிக்கும். பிடிச்சுப் பிடிச்சு அதுவே ஓஞ்சுரும்."

கோழிக்குழம்பை நானும் குமாரும்தான் முடித்தோம். நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் ராணி, "இவருதாங்க எங்கண்ணன்" என்றாள். அந்த அம்மா நிமிர்ந்து, "ஓ, செங்கல் சூளை டாக்டருங்களா?" என்று கேட்டார். மாதேஸ் சட்டைக் கையை மடித்து நீட்டினான். பிரஷர் ராணிக்கு முதலில் இருந்ததை விட மேலே நின்றது. சிறுநீரில் புரதம் போகிறது. நெஞ்சுச் சதை, அந்த அழுத்தத்தை எதிர்த்து எதிர்த்துத் தள்ளினதில், தடித்துப்போயிருக்கிறது. ஆனால் கிட்னி இன்னும் நிறைய நிற்கிறது என்றார். "தங்கச்சி கூட்டிட்டு வராம இருந்திருந்தா நீங்க சூளையிலயே ஒரு நாள் விழுந்திருப்பீங்க" என்றும் சொன்னார். எனக்கு மஞ்சள் காட்டு வரப்பு ஞாபகம் வந்தது. மாதேஸுக்கும் வந்திருக்கும். அவன் பெரியப்பன்தானே அது.

மாதேஸ் ராணி மாதிரி இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டான், கருவாட்டைத் திருட்டுத்தனமாகத் தின்றான். அமுதா போன் போட்டுச் சொல்லிவிடுவாள். ராணி அடுத்த பஸ்ஸிலேயே போய் நிற்பாள். திட்டுவதில்லை. காலடியில் உட்கார்ந்து பெருவிரலை வைத்து அழுத்துவாள். குழியைக் காட்டுவாள். எழுந்து வந்துவிடுவாள். இரண்டு தடவை அப்படி ஆனதும் கருவாடு நின்றது. தான் பாதிக் கிட்னியோடு இருப்பவள், முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறிப் போய், அண்ணன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறாள் என்றால் அவளைப் பற்றி நான் இன்னும் என்ன சொல்ல?

கடத்தூர் மண்டபத்தில் கல்யாணம். சமையல்காரருக்கு முன்பே சொல்லியாயிற்று. அன்றைக்கு உப்பு விழாத குழம்பு ஒரு கரண்டி போதவில்லை, தனிச் சட்டியே வைத்தார். கொட்டகைப் பெண்களில் சிலர், ராதிகா, இன்னும் எங்கள் வகையறாவில் பிரஷர் என்று சமீபத்தில் தெரிந்துகொண்ட நாலைந்து பேர், எல்லோருக்கும் அதில் இருந்துதான்.

மேளம் முன்னே வர, மாதேஸ் சீர்த்தட்டோடு தெரு முனையில் இருந்து நடந்தே வந்தான். ராணி மண்டப வாசலில் ஆரத்தித் தட்டை வைத்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் தட்டில் இருந்த பட்டையும் பழத்தையும் பார்த்தார்கள். அவள் பார்வை கீழே இருந்தது. அண்ணன் காலில் புதுத் தோல் செருப்பு. வாசலில் வந்து நின்று, ஒரு காலால் மறு காலைத் தட்டிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

சாப்பிட்டு, மொய் எழுதி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் வண்டி ஏற்றிவிட்டு, மத்தியானம் அவன் கிளம்பினபோது ராணி பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்தாள். நாள் பூராவும் நின்ற கால். அவன் செருப்பை நேராக நகர்த்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு, பாதத்தை உள்ளே விட்டான்.

நுழைந்தது.

"போயிட்டு வரன் பாப்பா" என்றான்.

"மாத்திரை எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள் ராணி.